அக்குளைத் திறக்கும்போது கையின் நிணநீர்ப் பாதையையும் தேடுங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்யும் அரசு மருத்துவமனைத் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். அக்குள் நிணநீர்க் கணுக்களை முழுவதுமாக நீக்கினால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்குக் கை வீங்குகிறது. சென்டினல் கணுவோடு, அதாவது மார்பகத்தின் நிணநீர் முதலில் சென்று சேரும் கணுவோடு, நிறுத்தினால் இருபதில் ஒருவருக்கு. எனவே தேவையற்ற நீக்கத்தைத் தவிர்ப்பதே முதல் தடுப்பு. அந்தக் கணுவைக் கதிரியக்கத்தால் கண்டறியும் காமா புரோப் கருவி இல்லை என்பது சாக்காகாது. கையால் தொட்டுப் பார்க்கும்போது கணு தட்டுப்படாதவர்களுக்கு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஆய்ந்து காட்டிய கீழ் அக்குள் மாதிரி முறை (அக்குளின் கீழ்ப்பகுதிக் கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிப்பது) இருக்கிறது. அதற்குச் சாயமே வேண்டாம்.

ஆனால் நம்மிடம் வருபவர்களில் பலர் கணு பெருத்த பிறகே வருகிறார்கள். முழு நீக்கம் தவிர்க்க முடியாத அவர்களுக்குத்தான் 2007-இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்ட தலைகீழ் வரைபட முறை: கையின் நிணநீர்ப் பாதையைச் சாயத்தால் கண்டறிந்து காப்பது. மயக்க மருந்து கொடுத்ததும் மேற்கையின் உட்புறத்தில், தோலுக்கடியில் 2 முதல் 5 மி.லி. நீலச் சாயம். கையை உயர்த்திப் பிடித்து ஐந்து நிமிடம் நீவிவிட வேண்டும். அக்குள் சிரைக்குச் சற்றுக் கீழே கையின் நிணநீர்க் குழாய்கள் நீல இழைகளாகத் தெரியும். சிலருக்கு இன்னும் தாழ்ந்து தொங்கும், வெட்டுப்படுவது பெரும்பாலும் அவைதான். சிரைக்கு மேலுள்ள கொழுப்பைத் தொடாதீர்கள்.

பிசகும் இடங்கள் இவை. மெத்திலீன் நீலச் சாயத்தை நீர்க்கச் செய்யாமல் தோலுக்குள்ளேயே செலுத்தினால் தோல் அழுகலாம். சாயத்தால் ஆக்சிமீட்டர் காட்டும் ரத்த ஆக்சிஜன் அளவு பொய்யாகக் குறையும் என்பதால் மயக்க மருந்து மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மார்பகத்துக்கும் அதே நீலம் என்றால் எது கையின் பாதை, எது மார்பகத்தின் பாதை என்று பிரிக்க முடியாது. மார்பகத்துக்குக் கதிரியக்க ஐசோடோப்போ ஐ.சி.ஜி. என்ற ஒளிரும் சாயமோ வையுங்கள். சென்டினல் கணுவே நீலமாக இருந்தால், அல்லது கணுக்கள் ஒட்டிக் கட்டியாகியிருந்தால், கையைக் காப்பதற்காக அவற்றை விட்டுவைக்கக் கூடாது. இழை அறுந்தேவிட்டால், நுண்ணறுவை தெரிந்தவர் அதைப் பக்கத்துச் சிறு சிரையில் இணைக்கலாம். இத்தாலியின் ஜெனோவாவில் தொடங்கிய முறை இது.

அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்காதே, ஊசி போடாதே என்று வார்டுகளில் எழுதி ஒட்டுகிறோம். அவற்றால் கை வீங்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. உடல் பருமனாலும் கையில் வரும் தோல் தொற்றாலும் வீங்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அறுவைக்கு முன் இரு கைகளையும் மணிக்கட்டிலிருந்து 4 செ.மீ.க்கு ஒருமுறை டேப்பால் அளப்பதோ பல இடங்களில் நடப்பதேயில்லை. அந்த அளவு இல்லாமல் பின்னால் வரும் தொடக்க வீக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கையை இறுக்கிப் பிடிக்கும் உறையான கம்ப்ரஷன் ஸ்லீவ் நன்றாகப் பலன் தருவது அந்தக் கட்டத்தில்தான்.

எங்கள் கோரிக்கை இரண்டு. கேஸ் ஷீட்டில் இந்த அளவுகளுக்கு ஒரு கட்டம். அறுவைக் குறிப்பில் ஒரு வரி: நீல இழை தெரிந்ததா, காக்கப்பட்டதா, வெட்டப்பட்டதா.

இப்படிக்கு,
நிணநீர் வீக்கச் சிகிச்சையில் பணிபுரிவோர்