கொக்கனுக்கு, வெள்ளவத்தையிலிருந்து

வெள்ளவத்தை,
ஆகஸ்ட் 17

அன்பின் கொக்கன்,

நான் நலம். பிள்ளைகளும் சுகம். அங்கே தங்கச்சியையும் மக்களையும் கேட்டதாகச் சொல்லு. அக்கா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னா, சொல்லிவிட்டேன்.

டென்மார்க்கால் வந்த கையோடு எழுதுகிறேன் என்று சொன்னது ஆனியில். இன்றைக்கு ஆவணி பிறந்துவிட்டது. நீ மூன்று தரம் போன் எடுத்தாய், நான் எடுக்கவில்லை. கோபமென்றால் பேசு மச்சான், நான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இதெல்லாம் போனில் கதைத்து முடிக்கிற காரியமில்லை. நீ ஒரு காதால் கேட்டுக்கொண்டு மற்றப் பக்கத்தால் கார் ஓட்டுவாய். இருந்து வாசி.

எங்கள் ரியூஷன் மாஸ்டர் கொழும்பில் நிற்கிறார். மகளின் பிளட்டில், எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கை. கண்ணுக்காகக் கூட்டிவந்தார்கள். குளுக்கோமா. இடது கண் முழுதாகப் போய்விட்டது, வலதில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். போன பார்வை திரும்பாதென்று டொக்டர் நேராகவே சொல்லிவிட்டார். நீ மார்கழியில் பட்டம் இழுக்கிற உன் வண்டிலையும் கொண்டு வருகிறாய் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டு வண்டிலும் மணலில ஓடுற சத்தத்தை நான் ஒருக்காக் கேக்க வேணும்" என்றார்.

ஆகவே உன் வண்டில் ஒரு நட்டுக்கூடக் குறையாமல் வந்து சேர வேண்டும். கடைசி இரவு பதினொரு மணிக்குச் சாமான் கட்டுகிறவன் நீ. தபால்காரரின் சைக்கிளில் நாங்கள் எதைக் கட்ட மறந்தோம் என்று நான் எழுதத் தேவையில்லை.

என்னுடைய வண்டில் வந்த கதையைச் சொல்கிறேன், அதிலிருந்து உனக்கு வேண்டியதை எடுத்துக்கொள். ஆனியில் பானோ தீவுப் பட்டத் திருவிழாவுக்கு அத்தான் கூட்டிப்போனார். எஸ்பியர்க்கிலிருந்து படகில் 12 நிமிடம். அந்தக் கடற்கரையில் கார் ஓடுகிறது மச்சான், மணல் அவ்வளவு இறுக்கம். அங்கேதான் ஒருவர் தன் பழைய வண்டிலை விற்க வைத்திருந்தார். ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல், மூன்று சில்லு, ஆசனத் துணி மட்டும் வெயிலில் வெளுத்திருந்தது. ஒரு சுற்று ஓடிப் பார்த்தேன், விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

பொதி ஒன்று 23 கிலோவுக்குள், நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்ரிமீற்றருக்குள். எனக்குத் தந்த கணக்கு இது, பெரும்பாலான விமானங்களில் இதுதான். 32 கிலோவுக்கு மேற்பட்ட தனிப் பொதியைக் காசு கட்டினாலும் சாதாரணமாக ஏற்றமாட்டார்கள், தூக்குகிற தொழிலாளியின் முதுகுக்காக. அதனால் பாரம் பிறகு, முதலில் நீளத்தைப் பார். வண்டிலில் மிக நீளமான சாமான் பின் அச்சு. என்னுடையது 112 சென்ரிமீற்றர். பொதி 116 வந்தது, மிஞ்சியது 42. அதை 27, 15 என்று பிரித்தேன். அச்சு, இரண்டு பக்கச் சட்டங்கள், நடுக் குழாய் எல்லாம் ஒரு கட்டாகப் போனது. சட்டங்கள் வளைந்திருப்பதால் ஒன்றை மற்றதற்குள் படுக்கவைக்க வேண்டும், கரண்டி அடுக்குவது போல. இரண்டாவது பொதியில் மூன்று சில்லு, முன் கவை, ஆசனம். கவையிலிருந்து கால்மிதிகளைக் கழற்றிவிடு. கழற்றாவிட்டால் அது எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது, அடங்கினாலும் பாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

குழாய் முனைகள்தான் எமன். சுடுதண்ணிக் குழாய்க்குப் போடுகிற நுரை உறை வாங்கி எல்லாவற்றுக்கும் போட்டேன். இடைவெளிக்குச் சாரமும் துவாயும். அத்தானின் இரண்டு பழைய சுவெற்றரும் அப்படித்தான் கொழும்புக்கு வந்தன.

சில்லுக் காற்றை இறக்கச் சொல்வார்கள். இறக்கு, வாதாடாதே. ஆனால் ஆகாயத்தில் ரயர் வெடிக்கும் என்று பயந்து இறக்காதே. சாமான் வைக்கிற இடத்திலும் நாங்கள் இருக்கிற இடத்தைப் போலவே அழுத்தம் வைத்திருக்கிறார்கள். மிஞ்சிப் போனால் 8,000 அடி மலையில் நிற்பது போல. நுவரெலியாவே 6,000 அடிக்கு மேல், அங்கே லொறி ஏறி ரயர் வெடிக்கிறதா? காற்றை இறக்கினால் சில்லு சப்பையாகும், இடம் கிடைக்கும், கவுண்டரில் நிற்கிற பிள்ளைக்கும் மனம் ஆறும்.

இனி உனக்கு ஒரு நல்ல சேதி. ரயரே கொண்டுவராதே! வந்த கிழமை சந்தியில் ஓட்டோவுக்கு ரயர் மாற்றுகிற கடையில் நின்றபோது கண்ணில் பட்டது: ஓட்டோ ரயர் 4.00-8. என் வண்டில் ரயரில் இருப்பது 4.80/4.00-8. இரண்டுக்கும் அதே 8 அங்குல றிம். வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு சில்லைக் கொண்டுவந்தேன். கடைக்காரப் பொடியன் சவர்க்காரத் தண்ணி பூசி, இரண்டு நெம்பில் ஏற்றிவிட்டான். பம்ப் அடித்தபோது டப் என்று ஓரம் போய் உட்கார்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே நீ றிம்மையும் பெயாரிங்கையும் கொண்டுவா. ரயரும் ரியூப்பும் இலங்கையில் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். சில்லுக்கு ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம், மூன்று சில்லுக்குக் கணக்குப் பார். அந்தப் பாரத்துக்கு அம்மாவுக்கு ஏதாவது கொண்டுவா.

ஒன்று மட்டும் யோசி. பானோவைப் போல இறுகிய மணல் எங்களிடம் குறைவு. எங்கள் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை, அதனால் நனைந்து இறுகுகிற கரை ஒடுங்கியதுதான். யாழ்ப்பாணத்து மணற்காட்டு மேட்டில் ஒடுங்கிய ரயர் புதையும். தண்ணிக் கரையோடு ஓடினால் சரி. அகல ரயர் உன்னிடம் இருந்தால், பின்னுக்கு மட்டும் இரண்டு கொண்டுவருவதா என்று இருவரும் கதைத்து முடிவெடுப்போம்.

இனி நட் கதை. இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அச்சு நட், கவை போல்ட், வாஷர் எல்லாவற்றையும் ஒரு சின்னத் துணிப் பையில் போட்டு இரண்டாவது பொதியின் மேலே வைத்தேன். ஒழுங்கான வேலை என்று நினைத்தேன். இடையில் மாறிய விமான நிலையத்தில் பொதியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். பார்த்ததற்கு ஒரு துண்டும் வைத்திருந்தார்கள். சிப் பாதிதான் பூட்டியிருந்தது. கட்டுநாயக்காவில் பட்டியில் சுற்றி வந்த பொதியைக் கண்டதும் விளங்கிவிட்டது. பை இல்லை.

அச்சு நட் இல்லாத வண்டில் வெறும் இரும்பு மச்சான். வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்தேன். 20 மில்லிமீற்றர் நட் கடைக்குக் கடை இருக்கிறது, ஆனால் எல்லாம் புரிக்குப் புரி 2.5 மில்லிமீற்றர் இடைவெளி. என் அச்சு 1.5. கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். கையால் பிடித்தால் ஒரு சுற்று ஏறும், பிறகு இறுகும். அந்த இடத்தில் ஸ்பனர் போட்டு முறுக்கினால் அச்சின் புரியே அழிந்துவிடும். பதினோராவதோ பன்னிரண்டாவதோ கடையில் ஒரு வயதானவர் என் அச்சை வாங்கி, புரியில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு தகர டப்பாவைக் கொட்டினார். பழைய வான் ஒன்றின் அச்சு நட். விரலால் சுழற்ற, எண்ணெயில் வழுக்குவது போல் கடைசி வரை போனது. நாலு வாங்கினேன், இரண்டு உனக்கு.

அதனால் நட்டைப் பையில் போடாதே. கழற்றின நட்டை அந்தந்த அச்சிலேயே திரும்ப ஏற்றி, மேலால் ஒட்டு ரேப் சுற்று. நட்டும் தொலையாது, விழுந்து அடிபட்டாலும் புரி தப்பும். போல்ட்டையும் அதனதன் ஓட்டையிலேயே மாட்டு. மற்றது, வண்டில் பூட்டி நிற்கிற படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து, பொதியைத் திறந்ததும் தெரிகிற இடத்தில் வை. திறக்கிறவனுக்கு இது என்னவென்று விளங்கினால் ஒழுங்காக மூடுவான்.

பட்டம், நூல், தலைக்கவசம் மூன்றும் உன் கையோடு வரட்டும். ஐந்து சதுர மீற்றர்ப் பட்டம் மடித்தால் பள்ளிக்கூடப் பை அளவுதான். ஸ்பனரும் மண்ணில் குத்துகிற இரும்பு முளையும் கீழே போகிற பொதியில். மறந்துபோய்க் கைப்பையில் வைத்தால் பறிப்பார்கள். துரு எண்ணெய் ஸ்பிறே கொண்டுவராதே, அதை இங்கே வாங்கலாம். காற்று அளக்கிற கருவியின் லிதியம் பற்றரி, பவர் பாங்க் கையோடு. வெளிக்கிட முன் எல்லாவற்றையும் கழுவிக் காயவை. நான் நன்றாகத் துடைத்தேன் என்றுதான் நினைத்தேன். ஆசனத்தின் மடிப்பை விரித்தபோது பானோ மணல் ஒரு பிடி என் வெள்ளைத் தரையில் கொட்டியது. எங்கள் மணலைப் போல் மஞ்சளில்லை, சாம்பல். கூட்டி ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன்.

சுங்கத்தில் "மே மொக்கத்த?", இது என்ன, என்று சிங்களத்தில் கேட்டார் ஒரு அதிகாரி. சில்லையும் ஆசனத்தையும் பார்த்துவிட்டு, நடக்க ஏலாத ஆளுக்குக் கொண்டுபோகிற நாற்காலியோ என்றார். ஓம் என்றால் அந்த இடத்திலேயே அலுவல் முடிந்திருக்கும். நான் பொய் சொல்லவில்லை. சருங்கலே, பட்டம் என்று சொல்லி, போனில் வீடியோவைக் காட்டினேன். மனுசன் இரண்டு தரம் பார்த்தார். தானும் சின்ன வயதில் காலிமுகத்திடலில் பட்டம் விட்டவர் என்று தொடங்கிவிட்டார், பின்னால் வரிசை நீண்டுகொண்டு போனது. வாங்கின பற்றுச்சீட்டு என் கையில் இருந்தது, அதையும் பார்த்துத்தான் விட்டார். உன் பற்றுச்சீட்டைத் தேடி எடுத்து வை.

இதையெல்லாம் விட நான் உனக்குச் சொல்ல வேண்டியது போன ஞாயிறு நடந்தது. மாஸ்டர் "கொண்டுவா, தடவிப் பாப்பம்" என்றதால் இரண்டு பொதியையும் லிப்டில் ஏற்றி அவர் மகளின் ஹோலுக்குள் வைத்துப் பூட்டினேன். 30 ஸ்பனர் இரண்டு, அரை மணித்தியாலம். மாஸ்டர் கதிரையிலிருந்து ஒவ்வொரு சத்தத்துக்கும் "இது எது? இது எது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பூட்டி முடித்ததும் கைபிடித்து இருத்தினேன். காலை மிதியில் வைத்துக்கொடுத்தேன். இடது காலை மெல்ல அமத்தினார். முன்சில்லு தரையில் கிறீச்சென்று திரும்பியது. முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று.

பிறகு "முச்சை எங்க?" என்று, பட்டத்தில் நூல் பூட்டுகிற கட்டைக் கேட்டார். பட்டத்தை அவர் மடியில் விரித்தேன். பெருவிரலும் சுட்டுவிரலும் ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு மேலே போயின. அது இரண்டாகப் பிரிந்தது, அந்த இரண்டும் திரும்பப் பிரிந்தன. ஒவ்வொரு முடிச்சிலும் நின்று நின்று, துணியில் தைத்திருக்கிற இடம் வரைக்கும் போனார். எங்களுக்கு முச்சை கட்டிக் காட்டுகையில் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அளப்பாரே, அதே விரல்கள். இப்போது நடுங்குகின்றன. "டேய், இது ஒரு முச்சையில்லை. ஊர்ச்சனம் முழுக்கக் கூடி நிண்டு இழுக்கிற மாதிரியெல்லோ கட்டியிருக்கிறாங்கள்" என்றார்.

இங்கிலாந்தில் பிறிஸ்ரலில் ஜோர்ஜ் போகொக் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார், 1826இலேயே பட்டம் இழுக்கிற வண்டிக்கு உரிமம் எடுத்தவர் என்று சொன்னேன். குதிரை எத்தனையோ அதற்கேற்றபடிதான் அங்கே வீதி வரி. குதிரையே இல்லாத வண்டிக்கு வரி இல்லாமல் போயிற்றாம். மாஸ்டர் கண்ணில் தண்ணி வருகிற அளவுக்குச் சிரித்தார். "வாத்தியார்! பாத்தியே, வாத்தியார்!" என்று மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். இன்றைக்கு நாங்கள் ஓட்டுகிற மாதிரியான வண்டிலை 1990 அளவில் நியூசிலாந்துக்காரர் பீற்றர் லின்தான் பரவச் செய்தவர் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவேயில்லை. அவருக்கு வாத்தியார் போதும்.

மச்சான், அவர் மெலிந்துபோய் இருக்கிறார். ரியூஷன் கொட்டிலில் எங்களைக் குட்டின கையா இது என்று இருக்கிறது. அடுத்த தையைப் பற்றி மகள் கதைத்தால் பேச்சை மாற்றுகிறார். நீ வழமை போல வேலை, லீவு, விலை என்று பங்குனிக்குத் தள்ளிவிடாதே. வாடைக்காற்று உனக்காக நிற்காது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறையில் பட்டப் போட்டி. அதற்கு ஒரு கிழமைக்கு முன் நாங்கள் மணற்காட்டில் நிற்க வேண்டும். வெள்ளவத்தையால் போகிற இரவு பஸ்ஸில் கதைத்துவிட்டேன், இரண்டு வண்டிலும் அடிப்பெட்டிக்குள் போகும். மாஸ்டருக்கு முன் இருக்கை.

இப்போதே செய்ய வேண்டியது: அச்சின் புரியை அளந்து, பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பு. உன்னுடையதும் 1.5 என்றால் அந்த இரண்டு நட்டும் உனக்குக் காவல். இல்லையென்றால் நான் திரும்ப அந்தத் தகர டப்பாக்காரரிடம் போகிறேன். ரிக்கெற் போட்டதும் திகதியை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரிடம் போவேன், முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
விண்ணன்