உன் அப்பாவின் தொழிலும் ஒரு வளைந்த ஆணியும்

மதுரை
12 மார்ச் 2019

அன்புள்ள சாமுவேல்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. திரும்பி வந்ததும் பிடித்த சளி நேற்றுத்தான் விட்டது, அதனால் கோபித்துக்கொள்ளாதே. முட்டி அறுவை முடிந்து நீ வாசல் வேப்பமரம் வரை நடக்கிறாய் என்று படித்ததும் விஜயாவுக்கு அத்தனை சந்தோஷம். ஆனாலும் இன்னும் ஒரு மாதம் மாடிப்படி ஏறாதே.

நம் தமிழ்நாட்டு நாசரேத்தில் பிறந்த நீ புனித நாட்டுப் பயணத்துக்குப் பதிவு செய்த இடத்தில், மீனாட்சி ஊர்க்காரன் நான் போய் இஸ்ரேலில் இருக்கும் அந்த நாசரேத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பயணச்சீட்டில் பெயர் மாற்ற ஏஜெண்ட் படுத்திய பாட்டை நேரில் சொல்கிறேன். உன் சபைக்காரர்கள் என்னை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஜெபம் செய்யும்போதெல்லாம் நான் சற்றுத் தள்ளி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அந்த அண்ணன் இங்கேயும் சைட் இன்ஸ்பெக்ஷன் செய்கிறார்" என்று ஓர் அம்மாள் சிரித்தார். முப்பத்து நான்கு வருடம் பொதுப்பணித் துறையில் சுவர் பார்த்தவனுக்கு வேறு என்ன தெரியும்?

"அவரைப் பார்த்தாயா?" என்று இயேசுவைப் பற்றி ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். பார்க்கவில்லை. அவர் பெயரை அவர் காலத்திலேயே வெட்டிய கல் என்று யாரும் மறுக்காத ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை. 2002இல் ஒரு எலும்புப் பேழை, அதாவது இறந்தவர் எலும்பைச் சேர்த்துவைக்கும் கல்பெட்டி, வெளியே வந்தது. "இயேசுவின் சகோதரன் யாக்கோபு" என்று அதில் எழுதியிருந்தது. எழுத்து போலியா என்று பல வருடம் வழக்கு நடந்து, 2012இல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று முடிந்தது. எழுத்து உண்மை என்றும் அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. பெத்லகேமில் அவர் பிறந்ததாகச் சொல்லும் குகைக்குள் இறங்க நீண்ட வரிசையில் நின்றோம். அங்கே கட்டடக்காரனுக்குப் பார்க்கக் கிடைப்பது நான்காம், ஆறாம் நூற்றாண்டு வேலைதான். இன்னொன்று உனக்குத் தெரிந்திருக்கும்: அவர் பிறந்தபோது அரசனாக இருந்ததாகச் சுவிசேஷம் சொல்லும் ஏரோது செத்தது கிமு 4இல். அப்படியானால் கிறிஸ்து பிறந்தது கிறிஸ்துவுக்கு முன். வழிகாட்டி இதைச் சொன்னபோது பஸ்ஸில் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்துக் கோபித்துக்கொண்டார்.

ஆனால் கப்பர்நகூமுக்கு வா. அங்கேதான் நான் அசைய மறுத்தேன்.

கலிலேயா ஏரிக்கரை ஊர். கண்ட இடமெல்லாம் கறுப்புக் கல். நம் கருங்கல் போலத் தெரிந்தாலும் அது எரிமலைக் கல். இயேசுவின் மீனவச் சீடர் பேதுருவின் வீடு என்று காட்டும் இடத்தின் மேலே எட்டுத் தூண்களில் ஒரு புதிய ஆலயம் தொங்குகிறது, 1990இல் கட்டியது. நடுவில் கண்ணாடித் தரை வழியாகக் குனிந்து பார்க்கலாம். நான் வெளியே வந்து கம்பி ஓரமாகக் குந்திப் பார்த்தேன். உருட்டுக் கல்லை அப்படியே அடுக்கி, இடுக்கில் பொடிக்கல்லும் மண்ணும் திணித்த சுவர். உளி பட்ட கல் ஒன்றையும் நான் பார்க்கவில்லை, சுண்ணாம்புக் காரையும் இல்லை. இந்தச் சுவர் மேல் கல் தளம் போட்டால் அன்று மாலையே விழும். ஓடு கூடத் தாங்காது. மரச்சட்டம், அதன்மேல் கிளை, வைக்கோல் கலந்த மண், அவ்வளவுதான் போட முடியும்.

உடனே எனக்குச் சுவிசேஷத்தில் வரும், கைகால் விளங்காத திமிர்வாதக்காரன் கதை ஞாபகம் வந்தது. நாலு பேர் இயேசு இருந்த வீட்டின் கூரையைப் பிரித்து அவனைக் கட்டிலோடு இறக்கினார்களே, அதை நீ படித்துக் காட்டியபோது ஹாஸ்டலில் நான் கேலி செய்திருக்கிறேன். கூரையை அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியுமா, வீட்டுக்காரன் சும்மா இருப்பானா என்றேன். முதல் கேள்வியை இப்போது திரும்பப் பெறுகிறேன். சுவிசேஷம் எழுதிய மாற்கு சொல்வது இந்தக் கூரைக்குச் சரியாகப் பொருந்துகிறது. லூக்கா ஓட்டைப் பிரித்ததாக எழுதுகிறார். அவர் ஓட்டு வீட்டு ஊரில் இருந்தவராக இருக்க வேண்டும். வீட்டுக்காரன் என்ன சொன்னான் என்பது இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்த வீடு பேதுருவுடையதுதானா? பிரான்சிஸ்கன் துறவிகள் 1968 முதல் தோண்டியதில் தரை அடுக்குகளுக்கு நடுவே தூண்டில் முள் கிடைத்திருக்கிறது. மீன்பிடி ஊரில் தூண்டில் முள் எதையும் நிரூபிக்காது. என்னை யோசிக்க வைத்தது வேறு. முதல் நூற்றாண்டின் பின்பகுதியில் ஓர் அறைக்கு மட்டும் பூச்சுப் பூசியிருக்கிறார்கள். பிறகும் பலமுறை பூசியிருக்கிறார்கள். சமையல் பாத்திரங்களின் துண்டுகள் அதற்குப்பின் அங்கே இல்லை. பூச்சின்மேல் வந்துபோனவர்கள் கிறுக்கிய ஜெபங்கள் இருக்கின்றன. ஐந்தாம் நூற்றாண்டில் அந்த அறையையே மையமாக வைத்து எண்கோண வடிவில் ஒரு கோயில் எழுப்பினார்கள். குடியிருக்கிற வீட்டில் ஒரே ஓர் அறைக்குச் சும்மா யாராவது செலவு செய்வார்களா, நீயே சொல்.

பக்கத்து கினோசரில் ஒரு படகு இருக்கிறது. 1986இல் வறட்சியில் ஏரி உள்வாங்கியபோது மீனவச் சகோதரர்கள் இருவர் சேற்றில் கண்டார்கள். எட்டு மீட்டருக்குச் சற்று மேல் நீளம். கரிமக் காலக்கணிப்பில் அது இயேசு காலத்தை ஒட்டியது. கடையில் "இயேசு படகு" என்று சாவிக்கொத்து விற்கிறார்கள். அவர் அதில் ஏறினார் என்பதற்கு ஒரு சான்றும் கிடையாது. மரவேலை செய்த உன் அப்பா பார்த்திருக்க வேண்டியது அந்தப் படகைத்தான், சாமுவேல். கட்டியவன் பலகையில் துளை குடைந்து, நாக்குச் செருகி, குறுக்கே மரமுளை அடித்து இறுக்கியிருக்கிறான். வேலை தெரிந்த கை. ஆனால் மரம் வாங்கக் காசு இல்லை. பத்துக்கு மேற்பட்ட வகை மரத்தில் ஒட்டுப்போட்டிருக்கிறான். பல துண்டுகள் பழைய படகிலிருந்து பிடுங்கியவை. கடைசியில் அதையும் பிரித்து, உதவுகிற பாகங்களை எடுத்துக்கொண்டு உடம்பைத் தண்ணீரில் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அந்த ஊர் மீனவனின் வரவு செலவுக் கணக்கு முழுக்க அதில் இருக்கிறது.

அப்பா பேச்சு வந்துவிட்டது. "எங்க ஆண்டவரும் ஆசாரிதான்" என்று வாய்ச்சியைக் கீழே வைக்காமல் சொல்வாரே, அவரிடம் போய் நான் இதை எப்படிச் சொல்வேன்? சுவிசேஷத்தின் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் "தெக்தோன்". மரவேலைக்காரனையும் குறிக்கும், பொதுவாகக் கட்டுகிறவனையும் குறிக்கும். நாசரேத்தில் கல்லுக்குத்தான் பஞ்சமில்லை. தானியக் குழி, தொட்டி, திராட்சை ஆலை எல்லாம் பாறையில் குடைந்தவை. சில நூறு பேர் வாழ்ந்த ஊர் அது. ஆறு கிலோமீட்டரில் செப்போரிஸ் நகரத்தை அந்த ஏரோதின் மகன் ஏரோது அந்திப்பா அப்போதுதான் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான். யோசேப்பும் மகனும் விடியற்காலையில் அங்கே கூலிக்கு நடந்திருப்பார்கள் என்று ஆராய்ச்சியாளர் சிலர் நினைக்கிறார்கள். சுவிசேஷங்களில் அந்த நகரத்தின் பெயரே இல்லை. எனக்கென்னவோ, நம் தமிழ்க்காரர்கள் "தச்சன்" என்று போட்டது கிரேக்கத்துக்கு ரொம்ப நெருக்கம் என்று படுகிறது. மரத்தச்சனும் உண்டு, கல்தச்சனும் உண்டு அல்லவா? தஞ்சைப் பெரிய கோயில் கட்டியவன்கூட குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன்தான். இப்படிச் சொன்னால் உன் அப்பா சமாதானமாகியிருப்பார், பாதியாவது.

குஞ்சரமல்லனுக்குக் கல்வெட்டில் பெயர் கிடைத்தது ராஜராஜன் தயவில். கலிலேயாத் தச்சனுக்கு யார் வெட்டிக் கொடுப்பார்கள்? எருசலேம் அருங்காட்சியகத்தில் அவரை விசாரித்தவர்கள் இருக்கிறார்கள். செசரியாவில் 1961இல் அரங்கத்துப் படிக்கட்டாகக் கவிழ்த்துப் போட்டிருந்த கல்லில் பிலாத்துவின் பெயரும் "யூதேயாவின் ஆளுநர்" என்ற பதவியும் கிடைத்தன. 1990இல் கிடைத்த எலும்புப் பேழையில் பூ வேலைப்பாடு கண்ணைப் பறிக்கிறது. அதில் "யோசேப்பு பார் கயபா" என்று கீறியிருக்கிறது. பிரதான ஆசாரியன் கயபாவின் பேழைதான் என்று பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் குதிகால் எலும்பைப் பார்த்தேன். 1968இல் எருசலேமுக்கு வடக்கே ஒரு கல்லறையில் எடுத்தது. யெகோகனான் என்று ஒருவன். முதல் நூற்றாண்டில் சிலுவையில் அறையப்பட்டவன். எலும்பின் பக்கவாட்டில் இரும்பு ஆணி இன்னும் இருக்கிறது, பதினோரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம். நுனி வளைந்திருக்கிறது. மரத்தில் கணு பட்டு வளைந்ததால் பிடுங்க முடியாமல், காலோடு சேர்த்தே புதைத்திருக்கிறார்கள் என்கிறார்கள். கணுவில் ஆணி மடங்குவது நாம் தினம் பார்த்ததுதானே. மற்றவர்களின் ஆணியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஒரு ஆணி மடங்கியதால் இவன் நமக்குக் கிடைத்தான். சபைக்காரர்கள் யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

இயேசுவைப் புதைத்ததாகச் சொல்லும் இடத்தில் எழுப்பிய கல்லறைக் கோயிலைப் பற்றி நிறைய இருக்கிறது. அது பழைய கல்குவாரி. கோயிலுக்குள்ளேயே ஓர் இருட்டு மூலையில், சுரங்கம் போல உள்ளே நீளும் முதல் நூற்றாண்டுக் கல்லறைகளைப் பார்த்தேன். ஊருக்குள் பிணம் புதைக்க மாட்டார்கள் என்பதால், அந்த இடம் அன்று எருசலேம் மதிலுக்கு வெளியே இருந்தது என்பது உறுதி. மீதியை நேரில் பேசலாம். எழுதினால் கை வலிக்கிறது.

ஒலிவமலையில் பல மொழிகளில் கர்த்தருடைய ஜெபத்தைப் பதித்திருக்கும் ஆலயத்தில் தமிழ்ப் பலகையின் முன்னால் உன் சபைக்காரர்கள் என்னை நிறுத்தி, உரக்கப் படி என்றார்கள். படித்தேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், விஜயாவுக்குத் தெரிந்தால் ஊரெல்லாம் சொல்லிவிடுவாள்: நடுவில் குரல் கொஞ்சம் தடுமாறியது.

தங்கச்சி ரூத்துக்கு ஒலிவ மரத்தில் கடைந்த சிறு சிலுவை வாங்கியிருக்கிறேன். உனக்கு ஒன்றும் வாங்கவில்லை. கப்பர்நகூம் சுவரைக் குறிப்பேட்டில் அளவோடு வரைந்து வைத்திருக்கிறேன், அகலம் கண் மதிப்புதான், காவலாளி கம்பிக்குள் விடவில்லை. சித்திரைத் திருவிழா முடிந்ததும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்குள் அந்த வீட்டுக்காரன் என்ன சொன்னான் என்று யோசித்து வை.

அன்புடன்
சுந்தரம்