பைப்புத் துண்டில் ஓர் அருவாப்பெட்டி

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் அக்காவும் பிள்ளைகளும் நலம்தானே? வாரத்துக்கு மூன்று தடவை போன் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நான் சொல்வதில் பாதி உங்கள் காதில் விழுவதில்லை. விழுகிற பாதிக்கும் "சரி சரி, காசு ஏறப்போகுது, வை" என்று முடித்துவிடுகிறீர்கள். காசு ஏறாது என்று நூறு தடவை சொல்லியாச்சு. அதனால்தான் மேலத்தெரு அண்ணன் லீவில் வரும்போது இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அக்கா மகளை மெதுவாக, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

கூட வருகிற பொட்டலத்தில் சாம்பல் நிறத்தில் தட்டையாக ஒன்று இருக்கும். "ஏலே, என்னது இது, தகரமா?" என்பீர்கள். தகரம் இல்லை. நீங்கள் பனையேறும்போது இடுப்பில் கட்டிக்கொள்கிற அரிவாள்களுக்கு நான் செய்த பெட்டி. சாக்கடைக்குப் போடுகிற பிவிசி பைப்பில் செய்தது. முகம் சுளிக்காதீர்கள், புதுப் பைப்பின் வெட்டுத்துண்டுதான். தண்ணீர்கூடப் படாதது.

தாத்தா தென்னம்பாளையில் செய்த பழைய பெட்டியை நீங்கள் கம்பி போட்டுக் கட்டிக் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். போன மாசியில் அரிவாள் முனை விரிசல் வழியாக வெளியே வந்து தொடையைக் கீறியதை அம்மா சொன்னபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நீங்களோ "கொசு கடிச்ச மாதிரி" என்றீர்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் இங்கே என் வேலையைப் பற்றி. "தோட்ட வேலை" என்று நான் சொன்னதை நீங்கள் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். சாலையோர மரங்களின் கிளைகளைக் கழித்துவிடுகிற வேலை அப்பா. ஊர் முழுக்கத் தூங்குமூஞ்சி மரம். நம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நிற்குமே, அதேதான். ஆனால் இங்கே சாலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளை நீட்டி நடுவில் கைகோத்து நிற்கும், கீழே போனால் பந்தலுக்குள் போகிற மாதிரி இருக்கும். வேங்கை இனத்து மரமும் நிறைய உண்டு. 1963-இல், அப்போது பிரதமராக இருந்த லீ குவான் இயூ ஒரு மரக்கன்று நட்டுத் தொடங்கிவைத்ததாம் இந்த மரம் நடுகிற வேலை. 1971-லிருந்து மரம் நடுவதற்கென்றே வருஷத்தில் ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். நட்டவர்கள் நட்டுவிட்டார்கள், கழித்துவிட நாங்கள் இருக்கிறோம்.

காலை ஏழரை மணிக்கு எங்களை வரிசையாக நிற்கவைத்து அன்றைய வேலை என்ன, எதில் ஆபத்து என்று சூப்பர்வைசர் சொல்வார். டூல்பாக்ஸ் மீட்டிங் என்று பெயர். அந்த நேரம் நம் ஊரில் மணி ஐந்து. நீங்கள் இரண்டாவது பனையிலோ மூன்றாவது பனையிலோ இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். இங்கே பத்தடி ஏறினாலும் தலைக்கவசம், இடுப்பில் வார், அதில் கயிறு, பெரிய மரம் என்றால் லாரியில் பொருத்திய தொட்டிக்குள் நின்று மேலே போக வேண்டும். காலில் மாட்டுகிற ஒரு தளைநாரை நம்பி வாழ்க்கையை ஓட்டியவரின் மகன் இப்படி ஏறுவதைப் பார்த்தால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது.

கையில் மடக்கு ரம்பம், கத்தரி, அப்புறம் பாராங். பாராங் என்றால் மலாய்க்காரர் வெட்டரிவாள். நம் அரிவாள் மாதிரி வளையாது, நேராக நீண்டு முன்பக்கம் கனத்திருக்கும். அதற்குக் கொடுத்த கித்தான் உறை இரண்டே மாதத்தில் நைந்துபோனது. இங்கே பாதி நாள் மழை. கித்தான் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், காலையில் உருவினால் இரும்பு மேல் காவி பூத்திருக்கும். ஒருத்தர் தோலுறை வாங்கினார், அதில் பூஞ்சை பிடித்துவிட்டது. கடைசியில் எல்லாரும் கத்தியைச் சாக்கில் சுற்றி லாரியில் போட ஆரம்பித்தோம். ஒருநாள் லாரி குலுங்கியதில் சாக்கைக் கிழித்துக்கொண்டு ஒரு பாராங் முனை கூட வேலை பார்க்கிற தம்பியின் ஆடுசதையில் இறங்கிவிட்டது. நான்கு தையல்.

அப்போதுதான் குழாய் யோசனை வந்தது. யோசனை என்னுடையது இல்லை, உங்களுடையது. நீங்கள் பாளையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அது துவண்டதும் அரிவாளைச் சுற்றி வளைத்துக் கட்டி நிழலில் காயவைப்பீர்களே, காய்ந்தபின் அந்த வடிவத்திலேயே நின்றுவிடுமே. பிவிசியும் அப்படித்தான். பாளைக்குத் தண்ணீர், பைப்புக்குச் சூடு. எண்பது டிகிரி தாண்டியதும் இளக ஆரம்பிக்கும், கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டால் ரப்பர் மாதிரி துவளும், ஆறினால் பழையபடி விறைத்துக்கொள்ளும்.

இதைத் தெரிந்துகொள்ள மூன்று துண்டைப் பாழாக்கினேன். முதல் துண்டை டாமில், அதாவது நாங்கள் தங்குகிற விடுதியில், கேஸ் அடுப்பு நெருப்பில் நேராகக் காட்டினேன். ஒரு பக்கம் பழுப்பாகிக் கொப்புளம் கிளம்பியது, மறுபக்கம் இளகவே இல்லை. புகை மூக்கையும் கண்ணையும் எரித்தது. பிவிசியில் எடைக்குப் பாதிக்கு மேல் குளோரின். தீய்ந்தால் அமில ஆவியாக வெளியே வரும், நெஞ்சுக்குக் கெடுதல். சமையல்கட்டில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திட்டினார்கள். திட்டவேண்டியதுதான்.

இரண்டாவது துண்டைக் கொதிநீரில் இளக்கி, பாராங்கை உள்ளே விட்டு, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே ஏறி நின்றேன். அழகாகத் தட்டையானது. ஆறியதும் கத்தியை உருவினால் வரவில்லை! சிக்கெனப் பிடித்துக்கொண்டது. திரும்பக் கொதிநீரில் போட்டேன். போட்டதும் அது தானாகவே வயிற்றை உப்பிக்கொண்டு மறுபடி உருண்டைக் குழாயாக ஆகிவிட்டது. பிவிசிக்குப் பிறந்த வடிவம் மறப்பதில்லை. சூடு பட்டால் அங்கேயே திரும்பப் பார்க்கிறது. அதனால் உங்கள் பெட்டியை அடுப்புப் பக்கம், பதநீர் காய்ச்சுகிற இடத்தில் மாட்டிவைக்காதீர்கள். உச்சிவெயிலில் தகரத்தின் மேலும் போடவேண்டாம். வருஷக்கணக்காக வெயில் பட்டால் நொறுங்கவும் செய்யும்.

மூன்றாவதில் கத்திக்குக் காகித அட்டை சுற்றினேன். அட்டை மேல் இரண்டு சுற்று மாஸ்கிங் டேப். அந்தக் கனம்தான் பிறகு கத்தி போய்வர இடமாகிறது. வேலை சரியாக வந்தது, ஆனால் அடி மூட மறந்துவிட்டேன், முனை வெளியே எட்டிப்பார்த்தது. நான்காவதில்தான் எல்லாம் கூடிவந்தது. கத்தியைவிட இரண்டு விரல் நீளமாகப் பைப்பை அறுத்து, அடியை மட்டும் மறுபடி இளக்கிக் குறட்டால் நெரித்து, குறுக்கே ஒரு போல்ட் போட்டேன். முழுக்க அடைக்கக் கூடாது. ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு துளை வேண்டும், இல்லாவிட்டால் கித்தானைவிட மோசம், குவளையில் ஊறப்போட்ட மாதிரி கத்தி ஊறும்.

எந்தக் கத்திக்கு எந்தப் பைப் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. குறுக்களவில் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், தட்டையாக்கினால் அவ்வளவு அகலம் வரும். 40 மி.மீ. பைப் 62 மி.மீ. ஆகும், ஐந்து செ.மீ. அகலப் பாராங்குக்கு அது தாராளம். உங்கள் அரிவாளுக்கு இது உதவாது. வளைந்த கத்தி ஒடுக்கமான உறைக்குள் போனால் வெளியே வராது. அதனால் 110 மி.மீ. பைப் எடுத்தேன். தட்டையாக்கினால் 17 செ.மீ. உறை என்று சொல்வதைவிடப் பெட்டி என்றுதான் சொல்லவேண்டும்.

பைப்புத் துண்டு தந்தவர் பங்களாதேஷ்காரர், பிளம்பிங் வேலை பார்க்கிறார். சுடுகாற்று ஊதுகிற ஹீட் கன்னும் அவருடையதுதான். இவ்வளவு பெரிய பைப்பைக் கொதிநீரில் முக்கப் பாத்திரம் கிடையாது. கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல், இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி ஓட்டிக்கொண்டே இருக்கவேண்டும். மடிக்கும்போது மடிப்பு வெள்ளையாக வெளுத்தால் சூடு போதவில்லை, பழுப்பானால் அதிகம். இரண்டுக்கும் நடுவில் கைக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் அரிவாள் அங்கே, நான் இங்கே. அக்கா மகள் காலண்டர் தாளின் பின்பக்கம் இரண்டு அரிவாளையும் வைத்துக் கோடு போட்டு அனுப்பினாளே, அதைப் பலகையில் ஒட்டி அறுத்து மர அரிவாள் இரண்டு செய்துகொண்டேன். அதைச் சுற்றித்தான் பைப்பை இளக்கி அமுக்கியது. நடுவில் ஒரு தடுப்பு வைத்திருக்கிறேன், பாளை சீவுகிற அரிவாளின் வாய் மட்டை வெட்டுகிற அரிவாளோடு உரசக்கூடாது. நீங்கள் அரைமணி நேரம் தீட்டிய கூர் பாழாகிவிடும். மணல் உள்ளே சேர்ந்தாலும் கூர் போகும், வாரம் ஒருதடவை தண்ணீர் விட்டு அலம்புங்கள். பின்பக்கம் இருக்கிற இரண்டு வாரும் அதே பைப்பில் அறுத்ததுதான், இடுப்புக் கயிறு அதில் நுழையும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை, நம் ஆட்கள் கூடுகிற தேக்கா பகுதிக்குக் கொண்டுபோய் ஊர்க்காரர்களிடம் காட்டினேன். பெட்டியை மட்டும்தான். முதலில் பாராங்கோடு கொண்டுபோகலாம் என்றுதான் நினைத்தேன். கூட இருந்தவர் தலையில் அடித்துக்கொண்டார். வேலைக்காரணம் இல்லாமல் பொது இடத்தில் கத்தி வைத்திருந்தால் இங்கே சிறை, பிரம்படிவரைக்கும் போகும். கருவிகள் எல்லாம் ஸ்டோரை விட்டு வேலைக்குத்தான் போகும், வேலை முடிந்தால் ஸ்டோருக்குத்தான் வரும். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு டீக்கடையில் உட்காருகிற உங்களுக்கு இது புரியாது.

பெட்டியைப் பார்த்த நாலைந்து பேர் காசு தருகிறேன், செய்துகொடு என்றார்கள். வாங்கவில்லை. வேலை பெர்மிட்டில் எழுதிய வேலையைத் தவிர வேறு சம்பாத்தியம் இங்கே சட்டப்படி தப்பு. எங்கள் கேங்குக்கு மட்டும் ஆறு உறை செய்தேன். சூப்பர்வைசர் ஒன்றை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் தூக்கிக் காட்டினார். பங்களாதேஷ்காரர் ஒரு பரோட்டா வாங்கிக்கொடுத்தார், பைப்பும் அவருடையது, பரோட்டாவும் அவருடையது, பெயர் மட்டும் எனக்கு.

அம்மாவுக்கு ஒரு சின்ன சாமான் வைத்திருக்கிறேன். நீளவாக்கில் கீறிய ரப்பர் குழாய், ஒரு முழம். அரிவாள்மனை வாயில் அப்படியே கவ்வவிட்டால் போதும், அக்காவின் சின்னவன் தவழ ஆரம்பித்துவிட்டானாமே.

பணம் வெள்ளிக்கிழமை போட்டிருக்கிறேன். அண்ணன் திரும்பி வரும்போது சுக்குக் கருப்பட்டி கொடுத்துவிடுங்கள், போன தடவை மாதிரி நாலு வட்டு அல்ல, கேங்கில் எட்டுப் பேர். பழைய பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், எனக்கு வேண்டும்.

பெட்டி வாயில் அரிவாள் பூண் உட்காருகிற இடத்தைக் கொஞ்சம் நெரித்து வைத்திருக்கிறேன், ஏறும்போது நழுவிக் கீழே விழாது. தள்ளி உட்காரவைத்தால் 'டக்' என்று சத்தம் வரும். உங்களுக்குக் கேட்கிறதா என்று போனில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்