நெப்ராஸ்காவில் இருக்கும் மகனுக்கு

அடிசன் கவுன்டி, வெர்மான்ட்
1874 நவம்பர்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மேல்கொட்டகைக் கூரையை அண்ணன் மாற்றிவிட்டான். ஜூலைக்கு அப்புறம் உன் கடிதம் எதுவும் வரவில்லை. அறுவடை மும்முரத்தில் எழுத நேரம் கிடைத்திருக்காது என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சரி என்று கேட்டுக்கொண்டார். தபால் வண்டி வரும் நாளில் மட்டும் வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறார்.

பத்திரிகையில் வெட்டுக்கிளியைப் பற்றிப் போட்டிருந்தார்கள். டகோட்டாவிலிருந்து கான்சாஸ் வரை வானத்தையே மறைத்துக்கொண்டு இறங்கியதாம். மக்காச்சோளத்தைத் தட்டையோடு தின்றுவிட்டு, மண்ணுக்குள் இருந்த வெங்காயத்தையும் குடைந்து தின்றதாம். கை வியர்வை ஊறிய மண்வெட்டிப் பிடியைக்கூட விடவில்லையாம். உன் பக்கம் அவ்வளவு இருந்திருக்காது. நீ கோதுமைதானே அதிகம் போட்டிருந்தாய், அது முன்பே வீடு வந்திருக்கும். எதுவானாலும் விதைக் கோதுமையில் மட்டும் கை வைக்காதே.

போன ஞாயிறு சர்ச் வாசலில் ஒருவர், 'இலவச நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் படுகிறார்கள்' என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. லிங்கன் 1862இல் கையெழுத்துப் போட்ட சட்டத்தில் 160 ஏக்கர் என்று இருக்கிறது, சரி. ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து உழுதால்தான் பட்டா. நீ உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்த காலத்தை அதில் கழித்தாலும் மாடு, கலப்பை, கிணறு எல்லாம் உன் கைக்காசுதானே? இதில் இலவசம் எங்கே?

உன் சின்னத் தாத்தா ஒஹையோவுக்குப் போனது எந்த ஆசையில்? 1816 ஜூனில் இங்கே பனி கொட்டியது. ரோமம் கத்தரித்த ஆடுகள் குளிரில் செத்து விழுந்தன. அடுத்த வருஷமே அவர் வண்டி கட்டிவிட்டார். 1825இல் ஈரி கால்வாய் திறந்ததும் மேற்கத்திக் கோதுமை படகு படகாக நியூயார்க்கில் வந்து இறங்கியது. மலைச்சரிவில் விளைந்ததை நாம் அந்த விலைக்கு விற்க முடியுமா? கோதுமையை விட்டு, கம்பளிக்காக வளர்க்கும் மெரினோ ஆட்டுக்கு மாறினோம். 1846இல் வெளிநாட்டுக் கம்பளிக்கு இருந்த சுங்கத்தைக் குறைத்தார்கள், அதுவும் போயிற்று. போர் வந்ததும் சிப்பாய் உடுப்புக்காகக் கம்பளி விலை ஏறியது. நீ அந்த உடுப்போடு வீடு திரும்பிய கொஞ்ச நாளில் மறுபடி விழுந்தது.

அண்ணன் பெயருக்கு அப்பா நிலத்தை எழுதி வைத்ததில் தப்பில்லை. இருப்பது நூறு ஏக்கர், அதில் பாதி பாறையும் காடும். மூன்று பையன்களுக்குப் பிரித்தால் ஒருவனுக்கும் வயிறு நிறையாது. இது உனக்கும் தெரியும், தெரிந்துதான் போனாய். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நீ பேசியிருக்கலாம்.

ரயில் கம்பெனி நோட்டீஸைக் காட்டித்தான் மருமகளைச் சம்மதிக்க வைத்தாய். அவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த நிலத்தை விற்கவும் வேண்டும், குடிவந்தவர்களின் தானியத்தை ஏற்றிக் கூலி வாங்கவும் வேண்டும். நோட்டீஸில் வெட்டுக்கிளியைப் போடுவார்களா? உங்கள் பக்கத்துப் பானி பழங்குடி மக்களைத் தெற்கே அனுப்புகிறார்கள் என்றும் படித்தேன். லூப் ஆற்றங்கரையில் தலைமுறை தலைமுறையாக மக்காச்சோளம் விதைத்தவர்கள். அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பேத்தி ஓடி விளையாடும் மண்ணும் அவர்களுடையதாக இருந்ததுதானே.

கலப்பை கால் மைல் போயும் ஒரு கல் தட்டவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். அப்பா அதைக் கடைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். இந்த வசந்தத்திலும் கீழ்வயலில் பனி உருகிக் கல் மேலே வந்தது. எருதைப் பூட்டி, சறுக்குப் பலகையில் ஏற்றி இழுத்து, வேலியில் அடுக்கினார். ஒவ்வொரு கல்லைத் தூக்கும்போதும், 'அவன் வயலில் இது கிடையாது' என்றார்.

கடன் மட்டும் வாங்காதே. மாட்டை அடமானம் வைக்காதே. விதைக் கோதுமையைத் தொடாதே. ஆறு மாதத்துக்கு மேல் விட்டுப் போனால்தான் நிலத்தின் உரிமை போகும் என்று கடைக்காரர் சொன்னார். இப்போது கிளம்பி வந்தாலும் ஏப்ரல் விதைப்புக்குத் திரும்பிவிடலாம். உன் அறை காலியாகத்தான் இருக்கிறது. சும்மா சொல்கிறேன்.

ஒரு பெட்டி அனுப்புகிறேன். கம்பளிக் காலுறை, உலர்ந்த ஆப்பிள், மேப்பிள் சர்க்கரை, பேத்திக்கு ஒரு கவுன். நிவாரணச் சாமான் என்றால் ரயிலில் கூலி இல்லையாம், அண்ணன் சொன்னான். நான் கூலி கட்டியே அனுப்புகிறேன், இது அம்மா அனுப்புவது. வந்து சேர்ந்ததும் இரண்டு வரி எழுது. உனக்கு ஒழியாவிட்டால் மருமகளை எழுதச் சொல்.

அம்மா