பாலைவனத்தில் ஓர் இரவு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த மொராக்கோ பயணக் கட்டுரையைப் படித்தேன். மராகேஷ் நகரிலிருந்து புறப்பட்டால் மூன்றே நாளில் சகாராவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. திரும்பிவிடலாம் என்பது சரிதான். பார்க்கலாம் என்பதில்தான் எனக்கு ஐயம். அப்படி ஒரு முறை சென்று ஏமாந்து, பின்னர் வேறு விதமாகத் திட்டமிட்டு மறுமுறையும் சென்று வந்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

மராகேஷிலிருந்து எர்க் செப்பி மணற்குன்றுகளின் ஓரத்தில் இருக்கும் மெர்சூகா சிற்றூருக்கு 550 கிலோமீட்டருக்கு மேல் தொலைவு. ஏறத்தாழ 2,260 மீட்டர் உயரத்தில் உள்ள திஷ்கா கணவாயைக் கடந்து, வர்சாசாத் நகரம், தோத்ரா மலையிடுக்கு என்று வழிநெடுக நின்று நின்று வேன் செல்லும். முதல் பயணத்தில் நாங்கள் மெர்சூகாவை அடைந்தது இரண்டாம் நாள், பொழுது சாய்ந்த பிறகு. வண்டியின் முகப்பு விளக்கு வெளிச்சத்தில் ஒட்டகங்களை மண்டியிடச் செய்து ஏற்றிவிட்டார்கள். இருட்டில் ஒரு மணி நேரம் குலுங்கிச் சென்று, சாப்பிட்டு, படுத்து, விடியுமுன் எழுப்பப்பட்டு, மறுபடியும் வேனுக்கே வந்து சேர்ந்தோம். மணலில் நாங்கள் கழித்தது பன்னிரண்டு மணி நேரம்கூட இல்லை; அதிலும் பாதி உறக்கம். எங்களுக்குச் சோறிட்ட முகாம்காரரின் பெயரைக்கூடக் கேட்க நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

இரண்டாம் முறை, நவம்பரில், பயண முகவரை விட்டுவிட்டு மெர்சூகாவில் ஐந்து கூடாரங்கள் மட்டும் வைத்து நடத்தும் ஒரு குடும்பத்தாரிடமே நேராகப் பேசினோம். எந்தத் தேதி, எத்தனை பேர் என்பதற்கு முன்னால் குடும்பத்தின் சார்பில் பேசியவர் கேட்ட முதல் கேள்வி, உங்களில் மூத்தவருக்கு முழங்கால் வலி உண்டா என்பது. ஒட்டகம் எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் நிமிர்த்தும். ஏறியிருப்பவர் பின்னால் சாய்ந்துகொள்ளாவிட்டால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். என் அக்காவுக்கு முழங்கால் தேய்மானம் என்று சொன்னதும், அக்காவை ஜீப்பில் முகாமுக்கு அழைத்துச் செல்ல அவரே ஏற்பாடு செய்தார். விலைப்பட்டியலோடு மட்டும் பேசும் இடைத்தரகர் எவரும் இதைக் கேட்டதில்லை.

அங்கே இரண்டு இரவுகள் தங்கினோம். என் வேண்டுகோளும் அதுவே: பாதை எதுவானாலும் மணலில் இரண்டு இரவுகளுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் வரும் அந்த ஒரு முழுப் பகலில்தான் பாலைவனம் தன்னைக் காட்டுகிறது. அன்று காலை முகாமின் பெரியவர் மணல்மேல் விறகை எரித்து, தணலை ஒதுக்கி, பிசைந்து தட்டிய மாவைச் சூட்டு மணலிலேயே வைத்து, மேலே மணலையும் சாம்பலையும் மூடினார். அரை மணி நேரம் கழித்து ரொட்டியை எடுத்துத் துணியால் தட்டிக் கொடுத்தபோது, பல்லில் ஒரு மணல்கூடக் கடிபடவில்லை. பிறகு புதினாத் தேநீர். கெண்டியைத் தலைக்கு மேல் உயர்த்திக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி, அதை மறுபடி கெண்டிக்கே கொட்டி, திரும்பவும் ஊற்றி நுரைக்கவிடும் அந்த வேலையில் அவருக்கு எந்த அவசரமும் இல்லை. அதற்கு அவர்கள் வேடிக்கையாக வைத்திருக்கும் பெயர் ‘பெர்பர் விஸ்கி’.

பெயர் என்றதும் இன்னொன்று. இந்தப் பகுதி மக்களைக் குறித்துக் கட்டுரை முழுவதும் ‘பெர்பர் பழங்குடியினர்’ என்றே எழுதப்பட்டிருந்தது. தம் மொழி பேசாதவர்களைக் கிரேக்கர்கள் அழைத்த சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வெளியாரிடம் பேசும்போது அவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், தங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அமாசிக். மொராக்கோவின் 2011 அரசியலமைப்பு அவர்களுடைய மொழியை ஆட்சிமொழிகளில் ஒன்றாக ஏற்றது. பள்ளிப் பலகைகளில் அதன் திஃபினாக் எழுத்தைக் காணலாம். 2024 முதல் அவர்களின் புத்தாண்டான ஜனவரி 14 மொராக்கோ முழுவதும் விடுமுறை. உழவு நாட்காட்டியை ஒட்டிய அந்த நாள் நம் பொங்கலின் பக்கத்தில் வருவதைச் சொன்னபோது, பெரியவர் என்னைவிட அதிகம் வியந்தார்.

மெர்சூகாப் பகுதியில் வாழ்வோர் பெரும்பாலும் ஆயித் கப்பாஷ் என்னும் அமாசிக் குழுவினர். ஆடும் ஒட்டகமும் மேய்த்து இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள். தொடர்ந்த வறட்சியும், 1994 முதல் மூடிக்கிடக்கும் அல்ஜீரிய எல்லையும் அந்த வாழ்க்கையைச் சுருக்கிவிட்டன. இன்று பல குடும்பங்களுக்குச் சுற்றுலாப் பயணிகளே பிழைப்பு. அந்தப் பணம் மராகேஷிலேயே தங்கிவிடாமல் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்து மணலில் நடப்பவர் கைக்குப் போகிறதா என்று முன்பணம் கட்டுமுன் கேட்பது நம் கடமை.

சைவம் உண்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. மண்சட்டியில் மெதுவாக வேகவைக்கும் தஜீன், காய்கறியில் எளிதில் கிடைக்கும். ஆனால் ஹரீரா சூப்பில் பெரும்பாலும் இறைச்சி சேரும், குழம்புச் சாற்றிலும் சேரலாம். சமைக்கும் பாத்திரத்தைப் பற்றியும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை செல்லலாம் என்றாலும், டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் பூஜ்யத்தை நெருங்கும். கம்பளி கொடுப்பார்கள் என்று நம்பி ஸ்வெட்டரை வீட்டிலேயே விட்டுச் சென்றால், நவம்பரிலேயே நான் பட்ட பாட்டைப் படவேண்டும்.

கடைசியாக ஒரு பிழை. இணைப்பில் ‘சகாரா முகாம்’ என்ற தலைப்புடன் அச்சாகியிருந்த படத்தின் விளக்கத்தில் அகாஃபே என்று இருந்தது. அகாஃபே மராகேஷிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் செல்லக்கூடிய வறண்ட கற்பாங்கான மேட்டுநிலம். அழகான இடம்தான், ஆனால் அங்கே மணற்குன்றுகளும் இல்லை, அது சகாராவும் இல்லை. எங்கள் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில்கூட அதைவிட மணல் அதிகம். அரையாண்டு விடுமுறைக்குப் பலர் இப்போதே முன்பதிவு செய்துகொண்டிருப்பார்கள் என்பதால், வரும் ஞாயிறு இணைப்பிலேயே இந்தத் திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
தூத்துக்குடி