நாய் வாங்குறதுக்கு முன்னாடி வீட்டுல யார் இருக்காங்கன்னு பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல ஞாயித்துக்கிழமை வரி விளம்பரத்துல வீடு, மனைக்கு அடுத்தபடியா இப்ப நாய்க்குட்டிதான் நெறைய வருது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் அத வாங்குறவங்க யாருன்னு பாத்தா பெரும்பாலும் சென்னையிலயும் சிங்கப்பூர்லயும் இருக்குற பிள்ளைங்கதான், ஊர்ல தனியா கெடக்குற அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் தொணையா இருக்கட்டும்னு போன்ல போட்டோ பாத்து பணத்த போட்டுவிட்டு குட்டிய முகப்புல கொண்டாந்து எறக்கிடுறாங்க. நல்ல எண்ணம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா லாப்ரடார்னா பத்து பன்னெண்டு வருஷம் இருக்கும், காலைல எந்திரிச்சு செயின புடிச்சுக்கிட்டு யார் நடக்கப்போறதுன்னு யாரும் கேக்குறதில்ல. முட்டிவலியோட நடக்குற ஆச்சிய முப்பது கிலோ நாய் ஆசையா ஒரு இழு இழுத்தா இடுப்பெலும்பு போயிரும்.

நம்ம ஊர் வீட்டையும் யோசிக்கணும் சார். முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு, நடுவுல வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படின்னு போய்க்கிட்டே இருக்கும். நாய பின்கட்டுல கட்டிப்போட்டா முன்னாடி யார் வந்தாலும் அதுக்கு தெரியாது, அது கொரைச்சாலும் முகப்புல உக்காந்திருக்குறவங்களுக்கு கேக்காது, அப்பறம் அது என்ன காவல்? தரை ஆத்தங்குடி கல்லு, வழுவழுன்னு இருக்கும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டுக்கெல்லாம் இடுப்பு மூட்டு கோளாறு பரம்பரையா வர்றது, வளர்ற வயசுல தெனமும் வழுக்கி வழுக்கி ஓடுனா இன்னும் மோசமாகும், அது பொழங்குற எடத்துலயாவது சணல் சாக்க விரிச்சு போடுங்க. ஹஸ்கிய பத்தி எழுதவே வேணாம், பனியில வண்டி இழுத்த நாய சித்திரை வெயில்ல வச்சுக்கிட்டு அதுக்காக ராத்திரி பகலா ஏசி போடுறாங்க.

சரி நாட்டு நாய் வாங்குறோம்னு சிலர் சொல்றாங்க. 2005ல தபால்தலையில வந்த ராஜபாளையம், பெருமைதான். ஆனா சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் வேட்டைக்கு ஓடுன ஜாதி, தோப்பு, கொல்லைன்னு எடம் இருந்து தெனம் ஓடவிட ஆள் இருக்குற வீட்டுக்கு அத மாதிரி வராது, செயின்லயே கட்டி வச்சா வெறி புடிச்ச மாதிரி ஆயி வர்றவன் போறவன கடிக்கும். வெள்ளை ராஜபாளையத்துல பொறவியிலயே காது கேக்காத குட்டி உண்டு, பின்னாடி நின்னு அதுக்கு தெரியாம கை தட்டிப் பாக்காம வாங்காதீங்க. எந்த ஜாதியா இருந்தாலும் தாய் நாய பாக்கணும். எட்டு வாரம் ஆகாத குட்டிய விக்கக்கூடாதுன்னு 2017ல மத்திய அரசு விதியே போட்டிருக்கு, விக்கிறவர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும், ஆனா இங்க கண்ணு தொறந்து கொஞ்ச நாள்லயே சாக்குப்பையில போட்டு குடுக்குறாங்க, அது பார்வோங்குற வைரஸ் நோய் வந்து ரத்தமா பேதி போயி செத்தா நம்ம வீட்டு ராசி சரியில்லன்னு பேச்சு வேற.

என்னைக் கேட்டா வயசானவங்க இருக்குற வீட்டுக்கு குட்டியே வேணாம். ரெண்டு மூணு வயசான, கருத்தடை பண்ணி தடுப்பூசி போட்ட தெருநாய் ஒண்ணு போதும். அதோட கொணம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும், மேல வளரப்போறதில்ல, வெயில் பழகுனது, மோரு சோறும் முட்டையும் போட்டா திங்கும். (வெங்காயம், கோழி எலும்பு ஆகாது, பெட்டி நெறைய வர்ற சிங்கப்பூர் சாக்லேட் நாய்க்கு விஷம்.) வைரவன்கோயிலுக்கு போயி வைரவரோட நாய்க்கும் சேத்து கும்புட்டுட்டு வர்றோம், வீட்டு வாசல்ல வந்து படுக்குறத மட்டும் கல்லால அடிக்கிறோம்.

செப்டம்பர் 28 வெறிநாய்க்கடி தடுப்பு நாளுக்கு கால்நடை ஆஸ்பத்திரில இலவசமா ஊசி போடுற முகாம் நடத்துனா, அங்கயே பழகுன தெருநாய்ங்கள கொண்டாந்து காட்டி, வேணுங்குறவங்க தத்து எடுத்துட்டு போற மாதிரி மாநகராட்சி ஏற்பாடு பண்ணலாம். நீங்களும் நாய் வரி விளம்பரம் வாங்குறப்ப பதிவு நம்பர் கேட்டு அதையும் சேத்து போடுங்க, நம்பர் இல்லாதவன் விளம்பரம் வேணாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி