அம்மா சீட்டில் ஒரு கூட்டல் குறி

குடியாத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் ஓ.பி. சீட்டைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியது என் தப்புதான். ஒவ்வோர் எழுத்தாக நெட்டில் தேடிவிட்டு ராத்திரி 11.30-க்குப் போன் செய்வாய் என்று யார் கண்டது? போனில் விளக்கினால் முழுசாகக் கேட்கமாட்டாய். அதனால்தான் கடிதம்.

முதல் வரி, 'சி/ஓ கால் வீக்கம்'. 35 வருடம் தபால் பிரித்தவன் கண்ணுக்கு அது 'மேற்பார்வை'. அம்மா கால் வீக்கத்தின் மேற்பார்வையில் இருக்கிறாளா என்று கேட்டேன். எதிர்வீட்டு சிஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். அது 'கம்ப்ளெயின்ட்ஸ் ஆஃப்', நோயாளி தன் வாயால் சொன்ன தொந்தரவு. 'கே/சி/ஓ டி.எம்., எச்.டி.என்.' என்பது ஏற்கெனவே நமக்குத் தெரிந்த சர்க்கரையும் பிரஷரும். புதிதாக எதுவும் வந்துவிடவில்லை. 'ஓ/ஈ'க்குக் கீழே இருப்பதுதான் டாக்டர் தொட்டும் தட்டியும் கேட்டும் பார்த்தது.

நீ பயந்தது பி, ஐ, சி, சி, எல், ஈ என்ற வரிசைக்குத்தானே? வெளிறல், காமாலை, உதடும் விரலும் நீலம் பூத்தல், விரல் நுனி தடித்து உருளுதல், நெறி கட்டுதல், நீர்வீக்கம். ஆறையும் தேடியவன் எழுத்துக்கு மேலே இருந்த குட்டிச் சுழியைப் பார்க்கவில்லையா? சுழி என்றால் 'இல்லை'. ஐந்துக்குச் சுழி போட்டிருக்கிறார். சிஸ்டர் ஆறையும் சேர்த்து 'பிக்கிள்' என்று வாசித்ததும் அம்மா முகம் சுண்டிவிட்டது. "ஊறுகாயையும் எழுதிட்டாரா?"

கடைசி 'ஈ'க்கு, அதாவது நீர்வீக்கத்துக்கு மட்டும் கூட்டல் குறி, 'இருக்கிறது' என்று அர்த்தம். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார் டாக்டர். குழி விழுந்து அப்படியே நின்றது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்க்க நாளெல்லாம் நின்றதால் வந்தது என்று அம்மா சாதித்தாள். பிரஷருக்குப் போடும் அம்லோடிபின் மாத்திரையே சிலருக்குக் காலை இப்படி வீங்க வைக்குமாம். அதை மாற்றிவிட்டு, கிட்னிக்காக ரத்தமும் யூரினும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

'எஸ்1 எஸ்2' இதயத்தின் லப், டப். 'பி/ஏ சாஃப்ட்' என்றால் அழுத்திப் பார்த்தபோது வயிறு இளக்கமாக இருந்தது. அதைப் படித்துத்தான் கஞ்சி மட்டும் கொடுக்கச் சொன்னாயா?

சிஸ்டர்கூட எல்லாவற்றையும் பட்டென்று சொல்லிவிடவில்லை. 'எம்.எஸ்.' என்று இதய டாக்டர் எழுதினால் வால்வு சுருக்கம், நரம்பு டாக்டர் எழுதினால் வேறு நோய், பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் வாய் திறக்கமாட்டேன் என்றார். நெட்டுக்கு அந்த நிதானம் ஏது?

டெஸ்ட் ரிசல்ட் வியாழக்கிழமை வரும். போட்டோ அனுப்பமாட்டேன், சிஸ்டரிடம் காட்டிவிட்டு நானே போன் செய்கிறேன். உனக்கு மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். உப்பு பார்க்கிற வேலை இப்போது எனக்கு.

அன்புடன்,
அப்பா